வெப்பமுள்

தொப்பூர்க் கணவாய் ஏறுகையில்
மூன்றாம் கியரிலேயே மூச்சு வாங்கியது.
முன்னால் மார்பிள் லாரி, பின்னால் கேஸ் டேங்கர்,
நடுவில் என் பதினேழு வயதுக் குட்டிக் கார்.
ஏசியை நிறுத்தினேன். கண்ணாடிகளை இறக்கினேன்.
யாரோ சொன்னதை நம்பி
மே மாத வெயிலில் ஹீட்டரைக்கூடப் போட்டேன்.
வெப்பமுள் எதையும் மதிக்கவில்லை.
சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஓரங்கட்டினேன்.
பின் சீட்டில் சேலத்து ஆடிட்டர் கையெழுத்திட்ட
மாங்கூழ் கம்பெனிக் கணக்குகள்.
ஒரு இஞ்சினைக் கொதிக்கவிட்டுக்
கொண்டுபோய்ச் சேர்க்கும்படி
அதில் ஒன்றும் இல்லை.

கட்டி இழுத்த வண்டிக்கு நாலாயிரம்.
கிருஷ்ணகிரி லண்டன்பேட்டையில், தன் ஷெட்டில்
நயாஸ் ஆயில் மூடியைத் திருகிக் காட்டினான்.
அடியில் படிந்திருந்தது
ஆறிப்போன டீயின் ஆடை.
"தண்ணி ஆயில்ல கலந்துருச்சுக்கா.
வெள்ளப் புகைன்னா தண்ணி, நீலம்னா ஆயில்,
கருப்புன்னா பெட்ரோல் சரியா எரியல.
உங்க வண்டி மூணையும் விடுது.
ரெண்டாவது பிளக்கு எந்தக் காலத்துலேர்ந்தோ தூங்குது.
டைமிங் பெல்ட்ட பாருங்க,
நூல் நூலா நிக்குது."

ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்தான்.
ஸ்டீல் ஸ்கேலை அதன்மேல் நெட்டுக்கு நிறுத்தி
அந்தப் பக்கம் டார்ச் அடித்தான்.
இந்தப் பக்கம் குனிந்து பார்த்தேன்.
ஒட்டி நிற்கவேண்டிய இடத்தில்
முடியளவு வெளிச்சம்.
"இது தொப்பூர்ல ஆனதில்லக்கா. பழைய காயம்.
பவுடர் ஊத்தி அடைச்சு வித்துருக்கான்."

பத்தொன்பதாயிரத்து இருநூறு,
லேத்துக் கூலி தனி.

ஆர்.சி. புத்தகத்தில் முந்தைய பெயர்:
திம்மராஜ், அஞ்செட்டி.
போன் நம்பர் கிடைக்க இரண்டு புரோக்கர், ஒரு பேக்கரி.
திட்டவேண்டிய வாக்கியங்களை
ஆபீஸ் டைரியில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு
அழைத்தேன்.

மறுக்கவில்லை அந்த ஆள்.
"தெரியும் மேடம்.
தேன்கனிக்கோட்டை ஏத்தம், ராத்திரி ரெண்டு மணி.
ரேடியேட்டர் ஓஸ் விட்டுப்போச்சு.
ரோட்டுல யானை லத்தி, இன்னும் ஆவி பறக்குது.
எங்க நிறுத்துறது?
பின்னால அவ சீட்டப் பிறாண்டறா.
முள்ளு செவப்புல நிக்குது. பாத்தேன்.
பாத்துட்டு
தோள்ல கெடந்த துண்ட எடுத்து
மீட்டர் மேல போட்டுட்டேன்."

பின் சீட்டில் ஒரு கறை உண்டு,
ஷாம்பு போட்டும் போகாதது.
வாங்கிய அன்று அதைக் காட்டித்தான்
ஐந்நூறு குறைத்தேன்.

மூன்றாவது வாக்கியத்தில் என் விரல் நின்றுவிட்டது.
அப்புறம் என்ன ஆச்சு என்று
கேட்டிருக்கவேண்டும்.
"விக்கும்போது சொல்லியிருக்கலாமே"
என்றுதான் வந்தது வாயில்.
"சொன்னா வாங்கியிருப்பீங்களா?"

அவருக்குப் பக்கத்தில் எங்கோ
ஒரு பிள்ளை வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது.
ஏழெட்டு ஐம்பத்திநாலு.
போனை மூடாமலே திருத்தினார்:
"அம்பத்தாறு."
வேறு குரல் எதுவும் கேட்கவில்லை.
கேட்கிறதா என்று
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

மறுநாள் மூவாயிரம் வந்தது.
ஒரு வாரம் கழித்து இன்னொரு ஐந்நூறு,
"முடிஞ்சது இவ்ளோதான்" என்ற குறிப்புடன்.
ஐந்நூறைத் திருப்பி அனுப்பினேன்.
மூவாயிரத்தை வைத்துக்கொண்டேன்.

வண்டி இப்போது ஓடுகிறது.
சிக்னலில் நின்றால் நடுக்கம் இருக்கிறது,
அதற்கு நயாஸ் வேறொரு தொகை சொல்கிறான்.
டோல்கேட் வரிசையில்
முள் பாதியைத் தாண்டும்போது
ரேடியோவை அணைத்துவிட்டு
ஃபேன் ஓடும் சத்தத்துக்குக் காதைக் கொடுப்பேன்.
இதுவரை ஓடியிருக்கிறது.

டேஷ்போர்டு துடைக்க
ஷெட்டில் ஒரு துண்டு கொடுத்தார்கள்.
டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன்,
ஓட்டும்போது
கைக்கு எட்டாத இடத்தில்.